தூரமோ என்று மட்டும் கேட்டோம்

என் கோட்டுப் பைக்குள் மகளின் கம்பளித் தொப்பி கிடக்கிறது. இன்று காலை அவள் அதை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கதவு சாத்திய பிறகுதான் கண்டேன். "பிள்ளை!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாள். ஆனால் போகிற ஆளைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அறுபது கடந்தும் அது என்னை விட்டுப் போகவில்லை. பின்படிக்கட்டால் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி ஓடி, காருக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் முழங்கால்கள் வேறு கணக்குப் போட்டிருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு நான் தெருவுக்கு வந்தபோது கார் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது.

சுவிசிலேயே ரெனானில் தனியே இருக்கிற மகள் லீவுக்கு எங்களிடம் வந்திருந்தாள். குளிர்கால விடுமுறைக்கு மற்றப் பிள்ளைகள் பனியில் சறுக்கப் போவார்கள். என் பிள்ளை கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு பாறை ஏறப் போகிறாள். வெயில் விழுகிற பாறையில் பனி நிற்காதாம், கல் காய்ந்து கிடக்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். நேற்று இரண்டு முறை "எங்கையம்மா போறாய்?" என்று கேட்டேன்.

"அதுதான் உங்கடை போனிலை போட்டுவிட்டிருக்கிறனே அப்பா. அந்த நீலப் புள்ளி நான்தான். வேணுமெண்டா பாத்துக்கொண்டே இருங்கோ."

பார்த்துக்கொண்டே இருந்தேன். புள்ளி ஏரிக்கரையோரம் ஓடியது, மலைப்பக்கம் திரும்பியது, பிறகு ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். வீட்டுக்குள் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எழுந்து அடுத்த தெருவில் உள்ள பழைய சாமான் கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்குவதற்கில்லை. கையையும் கண்ணையும் வேறெங்கேயாவது வைத்திருப்பதற்கு.

அங்கேதான் அது இருந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் பெட்டிக்கும், வாய் உடைந்த கோப்பைகளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்க். சிவப்பு இரும்பு உடம்பு, அதில் ரோசாவைப் போல, ஆனால் ரோசா இல்லாத, வீங்கிய இதழ்களோடு ஒரு பெரிய பூ. சீனாவில் செய்த பிளாஸ்க். மூடியைக் கழற்றி, தக்கையைப் பிடுங்கி, மூக்கில் வைத்தேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். சுடுதண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய தக்கைக்கு ஒரு மணம் உண்டு. நனைந்த சாக்கு, ஆறிப்போன தேயிலை, கொஞ்சம் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி ஏனென்றால், எங்கள் ஊரிலும் இதே பிளாஸ்க்தான் இருந்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் விற்பார்கள். எங்கள் வீட்டில் அது அலுமாரியின் மேல் தட்டில் சும்மா இருக்கும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கீழே இறங்கும். ஆகவே பிளாஸ்க்கைக் கண்டாலே எனக்கு மனதுக்குள், ஆருக்கு என்ன என்றுதான் ஓடும். பொதுவாகவே நான் எதற்கும் கவலைப்படுகிற யோசனைக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், படிப்புக்குச் செலவழிக்காத மூளை முழுவதையும் பயப்படுவதற்கு வைத்திருக்கிறேன் என்று மனைவி சொல்லுவாள். அவள் சொல்வது சரி.

இதே மாதிரிப் பிளாஸ்க்கை சுவிஸ் மலையூரான டாவோஸில் கண்டேன், எண்பதுகளின் நடுவில்.

ஒரு ஹொட்டேலின் சமையலறையில் எனக்குச் சட்டி பானை கழுவும் வேலை. அகதி வழக்கு முடியவில்லை. முடிவுக் கடிதம் கொண்டுவருகிற தபால்காரனின் மஞ்சள் சைக்கிளைக் கண்டால் பயம், காணாவிட்டால் இன்னும் பயம். ஹொட்டேலின் கீழ்த்தளத்து அறையில் என்னோடு இருந்தவர் குலம் அண்ணை. காரைநகர் ஆள், கப்பலில் வேலை செய்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கப்பலில் கற்ற இங்கிலீசும், ஊரிலிருந்து கொண்டுவந்த சகுனமும் அவரிடம் தாராளமாக இருந்தன. பூனை குறுக்கே போனால் நிற்பார். சுவிஸ் பூனை என்றாலும் நிற்பார்.

"அண்ணை, இந்த ஊர்ப் பூனைக்கு எங்கடை சாத்திரம் தெரியுமோ?"

"அதுக்குத் தெரியத் தேவையில்லையடா. எனக்குத் தெரியுமெல்லோ."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விருந்தாளி வந்தார். சுவிஸ்காரர்தான். ஆனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சீனாக்காரர். நெசவு இயந்திரம் பூட்டும் எஞ்சினியராகச் சீனாவில் வேலை பார்த்தார். அங்கேயே சில வருஷமாக இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், வந்து பாறை ஏறுவார். உச்சிக் குளிரில், எல்லாரும் கம்பளியில் சுருண்டிருக்கும்போது, இந்த மனிதர் விரல் நுனியால் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். "பனை ஏறுறவன் பிழைப்புக்கு ஏறுறான். இந்தாள் லீவு எடுத்தெல்லோ ஏறுது" என்று குலம் அண்ணை தலையில் கை வைத்தார்.

அவர் எங்கள் சமையலறைக்குள் வந்தது மிளகாய் தேடி. ஹொட்டேல் சாப்பாடு நாக்கில் படவில்லை என்றார். குலம் அண்ணை எங்கள் சாப்பாட்டுச் சட்டியிலிருந்து ஒரு அகப்பை கறி எடுத்து வைத்தார். மனிதர் உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, வழித்துச் சாப்பிட்டார். அதிலிருந்து தினமும் மத்தியானம் கழிய வருவார். கையில் அந்தச் சிவப்புப் பிளாஸ்க். அதில் தேத்தண்ணீர் இல்லை, வெறும் சுடுதண்ணீர். சீனாவில் பழகின பழக்கமாம்.

அவர் இங்கிலீசில் கதைப்பார், குலம் அண்ணை எனக்குத் தமிழில் சொல்லுவார். குலம் அண்ணையின் வாயில் புகுந்து வரும்போது அந்த மனிதர் காரைநகரில் பிறந்து வளர்ந்தவர் போலவே கதைப்பார். இன்றைக்கும் அவரை நினைத்தால் அந்தத் தமிழ்தான் காதில் கேட்கிறது.

"அங்கை நான் இருக்கிறது வெளிநாட்டுக்காரருக்கு எண்டு கட்டின கட்டடம். காலமை கதவைத் திறந்தா வாசல்லை சுடுதண்ணிப் பிளாஸ்க் நிக்கும். நல்ல சனம். ஆனா கேள்வி! மாடிக்குப் பொறுப்பான மனுசி, எங்கை போறாய் எண்டு கேக்கும். கீழை வாசல்காரன் எங்கை போறாய் எண்டு கேப்பான். டிரைவர் கேப்பான். பாண் வாங்கப் போனா தெருவிலை நிக்கிற கிழவனும் கேப்பான். நகரத்துக்கு வெளியிலை போறதெண்டா அனுமதிக் கடுதாசியும் எடுக்கவேணும்."

கடுதாசி என்றதும் நான் நிமிர்ந்தேன். பாஸ்போட்டும் சம்பளமும் உள்ள ஒரு வெள்ளைக்காரனும் வேறொரு நாட்டில் கடுதாசிக்காக நிற்கிறான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கெட்ட ஆறுதல்தான். இருந்தாலும் ஆறுதல்.

குலம் அண்ணைக்கு வேறு அதிர்ச்சி. "என்ன சனமடா அது! வெளிக்கிடுற ஆளை எங்கை எண்டு கேக்கிறதோ? விளங்குமோ போற காரியம்?" பிறகு அதை இங்கிலீசிலும் சொன்னார். எங்கள் பக்கத்தில் புறப்படுகிற ஆளிடம் எங்கே என்று கேட்க மாட்டோம், கேட்டால் பயணம் தடைப்படும். தெரிய வேண்டுமென்றால் "தூரமோ?" என்று மட்டும் கேட்கலாம். விருப்பமிருந்தால் அவர் சொல்லுவார். இல்லாவிட்டால் "கிட்டத்தான்" என்று போய்விடுவார். பின்னால் நின்று கூப்பிடவும் மாட்டோம்.

சீனாக்காரருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. தொடையில் அடித்துச் சிரித்தார். "நான் இஞ்சை வாறதே ஒருத்தரும் கேக்காத இடத்திலை ரெண்டு கிழமை இருக்கத்தான். நீங்கள்தான் என்ரை ஆக்கள்" என்றார். அன்றிலிருந்து புறப்படும்போது பெரிய வாசலால் போகாமல் சமையலறை வாசலால்தான் போவார். நாங்கள் "தூரமோ?" என்போம். அவர் அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே பழகிக்கொண்டு "கிட்டத்தான்" என்பார். எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி.

ஒரு ஞாயிறு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். மாட்டேன் என்பதைக் குலம் அண்ணை மொழிபெயர்க்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பாறை. சீனாக்காரர் என் இடுப்பில் வார்ப்பட்டையைக் கட்டி, கயிற்றைக் கொளுவி, ஏறு என்றார். ஒரு ஓட்டு வீட்டுக் கூரை உயரம் ஏறியிருப்பேன். அதற்கு மேல் கையும் வரவில்லை, காலும் வரவில்லை. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கல் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது, ஆனால் என் பல் கிடுகிடுத்தது. வீட்டு நாய் உட்பட எனக்குத் தெரிந்த எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

கீழே கோட்டுப் பைக்குள் கை வைத்துக்கொண்டு நின்ற குலம் அண்ணை சத்தமாக மொழிபெயர்த்தார். "டேய், அந்தாள் ஒரு கதை சொல்லுது, கேள். முதன் முதல் சீனாவிலை ரோட்டைக் கடக்கப் போச்சுதாம். ரோட்டு முழுக்கச் சைக்கிளாம், ஆறு ஓடுற மாதிரி. கடக்க ஏலாமல் ஓரத்திலை நிண்டே பொழுது போச்சுதாம். அழுகையும் வந்ததாம். பேந்து ஒரு மரக்கறிக்காரி வந்து சட்டைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவவாம். ஒரே வேகத்திலை நட, நிக்காதை, ஓடாதை எண்டவவாம். அதே மாதிரி ஒரு காலை எடுத்துக் கீழை வையாம்."

"அவர் அழுதவரோ, இல்லை நீங்கள் சேர்த்துச் சொல்லுறியளோ?"

"அழுதவராம். நீயும் அழு. ஆனா இறங்கு."

இறங்கினேன். கால் நிலத்தில் பட்டதும் சீனாக்காரர் அந்தப் பிளாஸ்க்கின் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றித் தந்தார். பயத்துக்குப் பிறகு குடிக்கும் வெறும் தண்ணீருக்கு இருக்கிற ருசி வேறெதற்கும் இல்லை. நான் நடுங்குவதை அவர் பார்த்துச் சிரிக்கவில்லை. "இவன் நல்லா யோசிக்கிறான்" என்று மட்டும் சொன்னாராம். அது பாராட்டோ பகிடியோ என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை. காலைச் சாப்பாட்டுக்கான கோப்பைகளை நான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். சீனாக்காரர் கயிறும் பையுமாகச் சமையலறைக்குள் வந்தார். தனியாக. பிளாஸ்க்கை நீட்டினார், கொதிக்கிற தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே குளிர் கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அவரோடு போகிற கூட்டாளி வரவில்லை, காய்ச்சலாம். எனக்கு ஏனோ அன்றைக்கு மனம் சரியில்லை. எனக்கு என்றைக்குத்தான் மனம் சரி? இருந்தாலும், எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். குலம் அண்ணை மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தார்.

"தூரமோ?" என்றார் அவரே.

"கிட்டத்தான்" என்றார் சீனாக்காரர். போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தால் பிளாஸ்க் மேசையில் நிற்கிறது.

நான் கதவைத் திறந்து கூப்பிடப் போனேன். குலம் அண்ணை என் கழுத்துப் பட்டியைப் பிடித்துவிட்டார். "பின்னாலை கூப்பிடாதை, மடையா! மலை ஏறப் போற மனுசன். சுத்திப் போய் முன்னாலை நிண்டு குடு. ஓடு!"

ஓடினேன். உடுப்புத் தோய்க்கும் அறைக்குள்ளால், சறுக்குக் கட்டைகள் வைக்கும் கொட்டிலுக்குப் பின்னால், முழங்கால் பனிக்குள், சமையலறைச் செருப்போடு. பஸ் தரிப்பில் நிற்பார் என்று நினைத்து அங்கே போனேன். இல்லை. அவர் பாதையைக் கடந்து றெயில் நிலையத்துக்குப் போய்விட்டார். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் போகிற சின்னச் சிவப்பு றெயில் வந்து நின்றது. அவர் படியில் கால் வைக்கும்போது நான் முன்னால் போய் நின்று பிளாஸ்க்கை நீட்டினேன். என் செருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "டங்கே" என்று நன்றி சொன்னார். றெயில் போய்விட்டது.

மத்தியானம் கழிந்தது. அவருக்கென்று மூடி வைத்த கறி ஆறியது. உருளைக்கிழங்குப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வெயில் மலைக்குப் பின்னால் விழுந்ததும் டாவோஸில் குளிர் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற மாதிரி வரும். நான் ஒவ்வொரு சட்டியாகக் கழுவி, கழுவினதையே திரும்பக் கழுவினேன்.

"வருவார்" என்றார் குலம் அண்ணை.

"எங்கையிருந்து வருவார் அண்ணை?"

அவர் ஆறிய கறிச் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தார்.

ஹொட்டேல் முதலாளி அம்மா பொலிசைக் கூப்பிட்டார். முந்திய இரவு சாப்பாட்டு மேசையில் மேற்பக்கத்துப் பாறை ஒன்றைப் பற்றிச் சீனாக்காரர் யாரோடோ கதைத்திருக்கிறார். ஆகவே அவர் பஸ் எடுத்து மேலேதான் போயிருப்பார் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மீட்புக்காரர்கள் கயிறும் விளக்குமாக மேலே புறப்பட்டதை நான் ஜன்னலால் பார்த்தேன். மேலே. அவர் போனது கீழே.

அந்த நேரம் எனக்கு வந்த பயம், நீங்கள் எங்கள் நாட்டில் எங்கள் வயதில் இருந்திருந்தால்தான் விளங்கும். காணாமற்போன ஒருவனைக் கடைசியாகக் கண்டவன் நான் என்று சீருடைக்காரனிடம் வாயால் சொல்வது என்றால் என்ன? அப்படிச் சொன்ன ஆட்கள் திரும்பி வராத தெருவில் இருந்து வந்தவர்கள் நாங்கள். வழக்கு வேறு முடியவில்லை. இங்கே பொலிஸ் அப்படியில்லை என்று மூளை சொல்லும். வயிறு கேட்காது.

குலம் அண்ணை என்னைக் குளிர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். தொங்குகிற இறைச்சிகளுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னார். "வாயைத் திறந்திடாதை. கடைசியாக் கண்டது நீ எண்டா உன்னைத்தான் எழுதுவாங்கள். கேஸ் முடியேல்லை. அந்தாளுக்கு ஏதும் நடந்திட்டா எங்களைத்தான் கேப்பாங்கள்."

"அவங்கள் மேலையெல்லோ தேடப் போறாங்கள் அண்ணை."

"தெரியும்."

"இருட்டப் போகுதண்ணை."

"தெரியுமடா!" என்றார். அவர் குரலும் நடுங்கியது. அதற்குமுன் அவர் நடுங்கி நான் பார்த்ததில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

நான் துணிந்து போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. நான் எதையும் மனதுக்குள் வைத்திருக்க முடியாத ஆள், அவ்வளவுதான். குளிர் அறையிலிருந்து வெளியே வந்தேன். முதலாளி அம்மாவும் ஒரு பொலிஸ்காரரும் சமையலறை வாசலில் நின்றார்கள். என் கையில் ஒரு அடுக்குக் கோப்பை இருந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி மணி அடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டன. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பஸ் இல்லை. றெயில். கீழே." எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அவ்வளவுதான் வந்தது.

பொலிஸ்காரர் கிட்ட வந்தார். உயரமான மனிதர். எப்போது, எந்த றெயில், என்ன உடுப்பு என்று கேட்டார். சொன்னேன். எங்கே போகிறேன் என்று சொன்னாரா என்றார். இல்லை. நீ கேட்டாயா? இல்லை.

"ஏன் கேட்கவில்லை?"

அவர் அதை அதட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். இந்த மலையூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், மலைக்குப் போகிறவன் போகிற இடத்தை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவான், சொல்லாவிட்டால் கேட்பார்கள். ஒருவன் தனியாகக் கயிற்றோடு போகிறான், சமையலறையில் இரண்டு பேர் நிற்கிறார்கள், சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள், ஓடிப்போய் றெயிலடியில் பிளாஸ்க்கும் கொடுக்கிறார்கள், ஆனால் எங்கே என்று கேட்கவில்லை. அவர் என்னத்தை நினைப்பார்? நான் "எங்களிடத்தில் கேட்பதில்லை" என்றேன். அது எனக்கே களவுக் கதை மாதிரித்தான் கேட்டது. பொலிஸ்காரர் முதலாளி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பாறையில் நின்றது போலவே கையும் வரவில்லை, காலும் வரவில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு தோள் வந்து என் தோளில் முட்டியது. குலம் அண்ணை. "நானும் கண்டனான்" என்று இங்கிலீசில் ஆரம்பித்தார். "இவன் கேக்க வெளிக்கிட்டவன். நான்தான் காலிலை மிதிச்சு நிப்பாட்டினனான். எழுதிறதெண்டா என்ரை பேரை எழுதுங்கோ" என்றாராம். பிறகு சகுனம், தடை, தூரமோ எல்லாவற்றையும் இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். பொலிஸ்காரருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் றெயில் விளங்கியது. அவர் எங்கள் பெயர் ஒன்றையும் எழுதவில்லை. கையிலிருந்த வயர்லெஸில் வேகமாகக் கதைத்துக்கொண்டே வெளியே ஓடினார்.

இருள் இறங்கியது. குலம் அண்ணை காலையில் பிளாஸ்க் நின்ற அந்த மேசையைவிட்டு அசையவில்லை. நான் உருளைக்கிழங்கு உரித்தேன், ஒருவரும் கேட்காத உருளைக்கிழங்கு. இரவுச் சாப்பாடு பரிமாறி முடிவதற்குள் முதலாளி அம்மா உள்ளே வந்தார். எங்கள் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, "உயிரோடு இருக்கிறார்" என்றார். குலம் அண்ணை உருளைக்கிழங்குப் பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். ஒரு பிளவில் உறைந்திருந்த பனி உடைந்து, பிடித்த கல் கையோடு வந்திருக்கிறது. கொஞ்சத் தூரம் விழுந்து கயிற்றில் தொங்கி, கணுக்கால் முறிந்து, ஒரு மேடை போன்ற கல்லில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார். கத்தினால் கேட்க ஆளில்லை. மீட்புக்காரர்கள் நிலையம் நிலையமாக இறங்கி, பாறைப் பக்கமெல்லாம் விளக்கடித்துப் பார்த்தார்களாம். ஒரு இடத்தில் வெள்ளைப் பனிக்கு நடுவில் சிவப்பாக ஒன்று மினுங்கியதாம். பிளாஸ்க். ஏறும்போது பாரம் என்று பாறையடியில் வைத்துவிட்டு ஏறியிருக்கிறார்.

பிளாஸ்க் ஹொட்டேலுக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதில் மல்லித்தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆருக்கு என்ன என்று இந்த முறை கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் கால் கட்டோடு, விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தார். என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். குலம் அண்ணை மொழிபெயர்க்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, பிறகுதான் முடித்தார்.

"பின்னேரம் முழுக்க அந்தக் கல்லிலை கிடந்து கீழை பிளாஸ்க்கையே பாத்துக்கொண்டு இருந்தவராம். எட்டேலாதாம், ஆனா தெரியுமாம். சரியான பயமாம். ஒரு விசயத்துக்கு மட்டும் பயப்பிடேல்லையாம். அந்தச் செருப்போடை ஓடிவந்த பொடியன் இப்ப யோசிச்சுக்கொண்டுதான் இருப்பான் எண்டு தெரியுமாம்."

என் வாழ்க்கையில் என்னுடைய பயத்தை நம்பி ஒருவர் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் சீனாவுக்குத் திரும்பிய நாளில் ஊன்றுகோலோடு சமையலறை வாசலுக்கு வந்தார். நான் "தூரமோ?" என்று கேட்க வாய் எடுத்தேன். குலம் அண்ணை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். பூனைக்கு நிற்கிற குலம் அண்ணை. கப்பலில் ஒருவனிடமும் அந்தக் கேள்வி கேட்காத குலம் அண்ணை.

"எங்கை போறியள்?" என்றார். முதலில் தமிழில், பிறகு இங்கிலீசில்.

சீனாக்காரர் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த றெயில், எந்த விமானம், எந்த நகரம், எந்தத் தெரு, எந்த மாடி, எந்தக் கதவு. சீனாவில் ஒவ்வொரு வாசலிலும் வெறுத்துப்போன கேள்விக்கு, எங்கள் சமையலறையில் நின்று கடைசிவரை பதில் சொன்னார். குலம் அண்ணை தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடிந்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். கேட்ட தோஷம் போக வேண்டுமே! அவரைப் பிடித்துப் பெட்டியில் உட்கார வைத்தார், பிளாஸ்க்கிலிருந்து ஒரு மூடி தண்ணீர் குடிக்க வைத்தார். "இப்ப எழும்பி, புதுசா வெளிக்கிடுங்கோ" என்றார். அந்த மனிதர் எழுந்து, புதிதாக வெளிக்கிட்டார். பிளாஸ்க்கை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நான் கூப்பிடவில்லை. மறந்து விட்டுப்போனதில்லை, வேண்டுமென்றே விட்டது என்று தெரிந்தது.

அந்த ஹொட்டேல் இப்போது அடுக்குமாடி வீடுகள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஜன்னல்கள் மூடிக் கிடக்கின்றன. சமையலறை வாசல் இருந்த இடத்தில் கார்கள் இறங்கிப் போகின்றன. பிளாஸ்க் ஏதோவொரு வீடு மாறும்போது உள்ளே கண்ணாடி உடைந்து போனது. சீனாக்காரர் என்ன ஆனார் என்று தெரியாது, சைக்கிள் ஆறும் அங்கே வற்றிவிட்டதாம். குலம் அண்ணை போய்ச் சேர்ந்தும் கனகாலம். கடைசி நாட்களில் பேர்ன் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "தூரமோ அண்ணை?" என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எங்கே என்று கேட்கவும் வரவில்லை.

நான் மட்டும் மாறிப் போனேன். அன்றைக்குப் பிறகு புறப்படுகிற எல்லாரையும் எங்கே என்று கேட்கிறேன். மனைவி ஏசினாலும் கேட்பேன். ஆனால் பின்னால் கூப்பிட மட்டும் இன்னும் வாய் வராது. கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர் வாசலிலேயே பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போயிருப்பார். எந்த றெயில் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கடையில் அந்தப் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் நின்று போனைப் பார்க்கிறேன். நீலப் புள்ளி அதே இடத்தில் நிற்கிறது. அவள் இருக்கிற இடம் எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். அவள் ஏறுகிறாளா, தொங்குகிறாளா, சிரித்துக்கொண்டு பாண் சாப்பிடுகிறாளா என்று புள்ளி சொல்லாது. அவள் தொப்பியை விட்டுவிட்டுப் போனதும் அதற்குத் தெரியாது. சுற்றி ஓடி முன்னால் போய் நின்று, புறப்படுகிற ஆளின் முகத்தை ஒரு தடவை பார்க்க, இனி என் முழங்கால் விடாது. அவளைப் பார்க்க அப்படி ஓடுகிற வேறொருவரும் இங்கே இல்லை.

அவள் திரும்பி வந்தால் குடிக்க, தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறேன். தக்கையை மூன்று தடவை கழுவிவிட்டேன், மணம் போகவில்லை.